அதிகாரி அறையில் பிறந்தவை

"சார், மேசையில இருக்கிற செடிப் புட்டியைக் குடுங்க. நான் பார்க்கணும்."

அதிகாரி அறையில் மட்டும் எதிலும் கை வைக்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா கெஞ்சியிருந்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிடைத்தது கொசு ஒழிப்பு வேலை. அது போய்விடக் கூடாதே என்று அம்மாவுக்குப் பயம்.

எனக்கோ காலையிலிருந்து ஆத்திரம். காய்ச்சல் முழுக்க அலுவலர் குடியிருப்பில். கொசுப் புகை அடிக்கும் வண்டி மட்டும் மறுபடியும் எங்கள் சாக்கடைத் தெருவுக்காம். "அழுக்கு இருக்கிற இடத்துலதானே கொசு" என்று நேற்றுக் கூட்டத்தில் இதே அதிகாரிதான் சொன்னார்.

"இதுவா? சுத்தமான தண்ணிம்மா. குறையக் குறைய நானே ஊத்துறேன்."

"மாத்துறதில்லையா?"

"பளிங்கு மாதிரி இருக்கு, எதுக்கு மாத்தணும்?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தட்டினேன். தலைகீழாகத் தொங்கிய குட்டிப் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

டீ கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா, இத்தனை பிள்ளைங்களா! பேரு வச்சாச்சா சார்?"

வெளியே தட்டச்சுக்காரர் சிரிப்பது கேட்டது.

"இந்தக் காய்ச்சலைப் பரப்புற கொசு சாக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காது சார். தெளிஞ்ச தண்ணிக்கு மேல, கண்ணாடியில முட்டையை ஒட்டி வைக்கும். நீங்க ஊத்தும்போது தண்ணி ஏறி முட்டை நனையும், பொரிஞ்சிடும். நீங்கதான் வளர்த்து ஆளாக்கியிருக்கீங்க."

"சரி, கொட்டிடு."

"கொட்டினா போதாது. ஓரத்தை அழுத்தித் தேய்க்கணும். குடியிருப்புல ஒவ்வொரு வீட்டுலயும்."

"அதை அடுத்த வாரம் பேசலாம். முதல்ல சாக்கடைத் தெருவுல புகை அடிக்கட்டும்."

"புகை மெஷினை இறக்கியாச்சு சார். வண்டியில இப்போ பிரஷ்தான் இருக்கு."

"யாரைக் கேட்டு? வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போகட்டும். தேய்ச்சு முடிச்சிட்டு வந்து கேட்டுக்கறேன்."

"எனக்கும் ஒரு பிரஷ் எடுத்து வை," என்றாள் அக்கா, டீயை மேசையில் வைத்தபடி.

"என் செடிம்மா!" என்றார் அதிகாரி.

"மண்ணுல நட்டுக் குடுக்கறேன் சார்."

புட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். ஓட்டுநர் வண்டியைக் குடியிருப்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.