புதியவர்கள் ஏன் வருவதில்லை?

எடமலைப்பட்டி புதூரை யாரும் முழுசாக எழுதுவதில்லை. பஸ் போர்டிலிருந்து பத்திரிகை வரை 'எ.புதூர்' என்பதோடு சரி. இதில் யாருக்கும் தொந்தரவில்லை, ஜெயக்குமாரைத் தவிர. சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு அவர் பேப்பர் படிப்பதெல்லாம் 'குரல்வாசி' மூலமாகத்தான். தமிழ் எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள் அது. அவர் குடியிருக்கும் ஊரை அது தினமும் "எ புள்ளி புதூர்" என்று கூப்பிட்டது.

"சித்ரா, கேட்டியா? எ புள்ளி புதூர்ல விபத்தாம். நம்ம ஊர்தானா, வேற ஏதாவது நாடான்னு தெரியல" என்பார் மனைவியிடம்.

சித்ராதேவி தென்னூரில் ஓர் அச்சகத்தில் இருபது வருஷமாகத் தமிழ் டைப் செய்கிறவள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு ஒரு கால் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளுக்கு வராது. குரல்வாசியோ திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று அதன் இணையப் பக்கமே சொன்னது. 'இது நம் அனைவரின் சொத்து. புதியவர்களே, வருக வருக!' என்று இரண்டு வருக போட்டிருந்தார்கள். கீழே 'எப்படிப் பங்களிப்பது?' என்று ஒரு வரி. அதை அழுத்தினாள். 'இப்பக்கம் விரைவில் வெளியாகும்' என்று வந்தது. அந்த 'விரைவில்' எழுதப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த இணையப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு மெயில் போட்டாள். பதினோராவது நாள், குரல்வாசியைத் தொடங்கிய ஸ்ரீரங்கம் ரெங்கநாதனிடமிருந்து பதில் வந்தது. 'தங்கள் ஆர்வம் மகிழ்ச்சியளிக்கிறது. ரிப்போவை ஃபோர்க் செய்து, லோக்கலில் பில்டு செய்து, பி.ஆர். போடவும். மிகச் சுலபம்.'

கணவருக்குப் படித்துக் காட்டினாள்.

"ஃபோர்க்குன்னா முள்கரண்டிதானே? அது எதுக்கு?" என்றார் ஜெயக்குமார்.

"தெரியலீங்க. சுலபம்னு போட்டிருக்கார்."

குரல்வாசிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சுரேஷ்குமார் என்பவர் உடனே பதில் போட்டார்: 'கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.' அதற்கு நாலு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அவளும் தேடிப் பார்த்தாள். அவர்களுடைய பழைய மடலாடல் குழுவில் மூன்று வருஷத்துக்கு முன் இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். இதே சுரேஷ்குமார் இதே பதிலைச் சொல்லியிருந்தார். அந்த மனிதரை அதற்குப் பிறகு எங்கேயும் காணோம்.

அந்த வாரமே குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை பத்து மணி, ரெங்கநாதன் வீட்டு மாடி. பேசுபொருள்: 'புதியவர்கள் ஏன் வருவதில்லை?'

சித்ராதேவி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வடக்கு உத்திர வீதிக்குப் போய்ச் சேர்ந்தாள். மாடியில் ஐந்து பேர். ஐந்து பேரும் முதல் நாளிலிருந்து இருப்பவர்கள். அவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விவாதம் அவ்வளவு மும்முரம்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கைங்கர்ய புத்தியே இல்லை" என்றார் ரெங்கநாதன். "ரீல்ஸ்தான் காரணம்" என்றார் ஒருவர். வளவன் என்பவர், புது லோகோ போட்டால் ஆள் வரும் என்றார். டி-ஷர்ட் அடித்தால் வரும் என்றார் சுரேஷ்குமார். என்ன நிறம் என்பதில் முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பச்சை என்று ஒருமனதாக முடிவாயிற்று. இப்படி ஒருமனதான முடிவை அந்தக் குழு பார்த்து நாளாயிற்றாம்.

அப்போதுதான் ரெங்கநாதன் அவளைக் கவனித்தார். "ஆத்துல மாமியைப் பார்க்க வந்தேளா? கீழே இருக்கா."

"இல்லீங்க. நான்தான் அந்தப் புதியவங்க."

சுரேஷ்குமார் அவளுக்கு டி-ஷர்ட் என்ன சைஸ் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

சித்ராதேவி லேப்டாப்பைத் திறந்து ரெங்கநாதன் முன்னால் வைத்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. 'எ.புதூர்'ங்கிறதை 'எடமலைப்பட்டி புதூர்'னு படிக்க வைக்கணும். இது ஒண்ணுதான் எனக்கு வேணும். நீங்க இன்னிக்குத்தான் புதுசா வந்தவர்னு நெனச்சுக்கிட்டு, உங்க இணையப் பக்கத்துலயும் மெயில்லயும் இருக்கிறதை மட்டும் பார்த்துச் செஞ்சு காட்டுங்க."

"இதென்ன பிரமாதம், அஞ்சு நிமிஷம்" என்று ரெங்கநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இணையப் பக்கத்தின் பதிவிறக்கப் பகுதியில் நிறுவச் சொல்லியிருந்த துணை மென்பொருளை அதைச் செய்தவர்களே எப்போதோ கைவிட்டிருந்தார்கள். "இதுக்குப் பதிலா வேறொண்ணு போடணும், அது எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

"யாருக்குங்க?"

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த படியில் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் வந்தன. வளவன் ஒரு வழி சொன்னார். சுரேஷ்குமார் அதைத் தப்பு என்று சொல்லி, தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மாமி காபி கொண்டுவந்து வைத்தார், அது ஆறி ஏடு கட்டியது. ஒரு மணி நேரம் கழித்து ரெங்கநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எனக்கே வரலையேம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமல்ல, உண்மையான ஆச்சரியம். சித்ராதேவிக்குச் சட்டென்று அவர்மேல் இரக்கம் வந்தது.

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க சார். நான் எழுதிடறேன்."

அப்புறம் நாலு ஞாயிறு அவள் ஸ்ரீரங்கம் போனாள். சுருக்கங்களுக்கென்றே தனியாக ஒரு பட்டியல் கோப்பு இருந்தது. அதைத் திருத்த நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, எதையும் நிறுவ வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை இத்தனை வருஷம் யாரும் வெளியே சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லையாம். பிழை கண்டால் எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது, எந்தக் கோப்பில் எந்த வரி, எத்தனை நாளில் பதில் வரும், பதில் சொல்பவர் பெயர் என்ன என்று எல்லாவற்றையும் அவள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல எழுதினாள்.

அதை வெளியிடலாமா என்று குழு மூன்று வாரம் விவாதித்தது. "இவ்வளவு சுலபமா எழுதினா யார் வேணும்னாலும் வந்துடுவாங்களே!" என்று சுரேஷ்குமார் உண்மையான கவலையோடு கேட்டார். ரெங்கநாதன் யாரிடமும் கேட்காமல் வெளியிட்டுவிட்டார்.

எ.புதூர் திருந்தியது. காலையில் பேப்பரில் ஊர்ப் பெயரைக் கேட்ட ஜெயக்குமார், அதே வரியை இன்னும் இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டார்.

ஒரே மாதத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாக முகமது யூசுப் என்ற பாலக்கரைப் பையன் குழுவில் கேட்டிருந்தான்: 'அக்கா, மூணாவது படியில நிக்கிறேன். ரைட் கிளிக் பண்ணுன்னு இருக்கு. என்கிட்ட போன்தான் இருக்கு. இதுல ரைட் கிளிக் எங்க?'

சித்ராதேவிக்குச் சுர்ரென்றது. இவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறது, படித்துப் பார்த்தால் என்ன? 'பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. பொறுமையாகப் படிக்கவும்' என்று தட்டினாள்.

"யாருக்கு எழுதற? விரல் இப்படிக் குத்துது" என்றார் ஜெயக்குமார்.

சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "சுரேஷ்குமார் எப்போ நம்ம வீட்டுக்குக் குடி வந்தார்?"

தட்டியதை அழித்தாள். யூசுப்பின் நம்பரை அழுத்தினாள்.

"தம்பி, சித்ரா அக்கா பேசறேன். போன்ல செய்யறதை நான் எழுதவே இல்லப்பா. இப்போ உங்களுக்கு என்ன தெரியுதோ ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வாங்க. நான் எழுதிக்கிறேன்."