மேனேஜரின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

கூடத்தில் அப்பாவைக் கிடத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் சமையலறையில் ஃப்ரீஸரைத் திறந்து ஐஸ் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். தட்டில் ஏழெட்டுக் குழி காலி. மற்ற ஒவ்வொன்றிலும் ஐஸுக்குப் பதிலாக ஒரு துண்டு இறால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அப்பா உட்கார்ந்து நறுக்கி வைத்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள், உருக வேண்டும். துக்கம் விசாரிக்க வந்திருந்த பெரியம்மா அந்த இறுகிய கையைப் பார்த்துவிட்டு, "அழுதுரும்மா, உள்ளேயே அடக்கி வைக்காதே" என்று தோளைத் தட்டினாள். விரலிடுக்கில் இறால் தண்ணீர் சொட்டியது.

அப்பாவின் அறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் மீன் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் பன்னிரண்டு வருடமாகக் கேட்ட முதல் கேள்வி "மீன் எங்கே?" என்பதுதான். உப்புத்தண்ணீர், இரண்டு பாறை, பாறை இடுக்கில் கால் ஊன்றிய ஒரு கடல் சாமந்தி, அவ்வளவே. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. தண்ணீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்த அப்பா, ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கி வந்து 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். "இருந்த இடத்தை விட்டு நகராது. வாய்க்கு நேரா கொண்டுபோய் ஊட்டணும். கிட்டப் போனா கொட்டும். வேற என்ன பேரு வைக்கச் சொல்றே?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது பத்து நாள் முன்பு. "செவ்வாயும் வெள்ளியும். பம்பை நிறுத்திட்டுப் போடு, இல்லேன்னா துண்டு அடிச்சுக்கிட்டுப் போயிரும். எனக்கப்புறம் உன்னைத் தவிர வேற யாரையும் நம்பி விட முடியாது."

நாற்பத்து நாலு வருடத்தில் அவளை நம்பி யாரும் எதையும் விட்டதில்லை. அண்ணன் கல்லூரியில் துறைத்தலைவர், தம்பி செல்லப்பிள்ளை. மூத்தது மோழை, இளையது காளை என்பார்கள். நடுவில் பிறந்ததற்குப் பழமொழிகூடக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்குக்குத் தக்கபடி கம்பியை வளைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த ஒரு வாக்கியம் பத்து நாளாக நெஞ்சுக்குள் பதக்கம் மாதிரி தொங்கியது. இன்று வெள்ளி. அப்பா செத்த மறுநாளே கடமை தவறினால் அப்புறம் பதக்கம் எதற்கு?

பம்பை நிறுத்தினாள். ஆணியில் தொங்கிய நீண்ட இடுக்கியை எடுத்தாள். எஃகு நுனி மேனேஜரைக் கீறுகிறது என்று எட்டு வருடத்துக்கு முன் அப்பா குறைப்பட்டபோது, மூக்குக்கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருமே, அந்தச் சிலிக்கான் திண்டு இரண்டை நைலான் நூலால் இரு நுனியிலும் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அதற்கு நன்றி என்று ஒரு சொல் வந்ததில்லை. குறையும் அதற்கப்புறம் வந்ததில்லை.

துண்டை நீட்டினாள். இளஞ்சிவப்பு நுனிகள் ஒட்டிக்கொண்டு, மெல்ல மடங்கி, நடுவாய்க்குக் கொண்டுபோயின. எப்போதும்போல் பாய்ந்து வாங்கவில்லை. வேண்டா வெறுப்பாக வாங்கியது. துக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கால் மணி கழித்து மறக்காமல் பம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் மரணத்தைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "மரணம் என்பது முற்றுப்புள்ளி அல்ல..." என்று தொடங்கி, அது என்னதான் என்று முடிவதற்குள் அடுத்தவர் வந்துவிட, மறுபடியும் முற்றுப்புள்ளியிலிருந்து ஆரம்பித்தார். பத்து மணி வாக்கில் ஒரு முக்கியமான போன் என்று அப்பாவின் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது வலது சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. போன் கூடத்து மேஜைமேலேயே கிடந்தது.

பதினொரு மணிக்குத் தம்பி, "கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்க்கா" என்று தழுதழுத்துக்கொண்டு அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அழுகை தெருமுனை வரை கேட்கும். அன்று உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

பன்னிரண்டுக்கு, தண்ணீர் வாரியத்தில் அப்பாவுக்கு மேலே இருந்த அசல் மேனேஜர் வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் நாற்காலி இல்லாமல் அவரால் துக்கப்பட முடியவில்லை; நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். "என்மேல உங்கப்பாவுக்குத் தனி மரியாதை. தினம் என் பேரைச் சொல்லியிருப்பாரே?"

"தினமும் சொல்வாரு" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

தம்பி அவரை அறைக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

"மீன் எங்கே?"

"மீன் இல்ல சார். இது கடல் சாமந்தி. இடத்தை விட்டு நகராது, நாமதான் ஊட்டணும்."

"அடேயப்பா, கொடுத்து வச்சது! பேரு ஏதாவது வச்சிருக்கா?"

தம்பி கூரையைப் பார்த்தான். "இன்னும் வைக்கல சார்."

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். மின்மயானத்து ஊழியர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கண்ணாடியைக் கழட்டிருங்க, கம்பி ஃபிரேம் உள்ளே போகக்கூடாது" என்றார். அண்ணன் முற்றுப்புள்ளியில் இருந்தார். தம்பி அழுகையில் இருந்தான். அவள்தான் கழற்றினாள். தன் கையால் வளைத்த ஃபிரேம். மூக்கின் இருபுறமும் திண்டு பதிந்த குழி அப்படியே இருந்தது. கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்ப ஐந்தாகிவிட்டது. கை கால் கழுவிவிட்டு நேரே அறைக்குப் போனாள்.

மேனேஜர் முஷ்டி மாதிரி சுருண்டு கிடந்தது. தொட்டி கலங்கிப் போயிருந்தது. பம்ப் சத்தமில்லை; யாரோ நிறுத்தியதைத் திரும்பப் போடவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிட்டப்போய்ப் பார்த்தாள். பாறைக்குக் கீழே, மணல்மேல், கோழை சுற்றிய கட்டிகள். கக்கியிருக்கிறது. ஒன்று நகமளவுத் துண்டு. இன்னொன்றும் நகமளவு. மூன்றாவது, ஓடும் வாலும் மீசையுமாக ஒரு முழு இறால். நான்காவது இறாலே இல்லை, ஊறிப்போன பிஸ்கட்.

"மேனேஜருக்கு யார் போட்டது? நாலு கட்டி கக்கியிருக்கு. அதுல ஒண்ணு முழு இறால், ஒண்ணு பிஸ்கட்."

கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன், தம்பி, அம்மா மூன்று பேரும் டீயைப் பார்த்தார்கள்.

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று அண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்பா என்னைக் கூப்பிட்டு, எனக்கப்புறம் உன்னைத் தவிர..."

"...வேற யாரையும் நம்பி விட முடியாது" என்று தம்பி முடித்தான். பிறகு மெதுவாக, "உன்கிட்டயுமா?" என்றான்.

"முழு இறாலை யாராவது போடுவாங்களாண்ணா?" என்றாள் அவள்.

"சாவு வீட்டு நாள். அதுக்காவது வயிறு நிறையட்டும்னு பார்த்தேன். பிஸ்கட் போட்டது யாரு?"

"ஃப்ரீஸர் பக்கம் பெரியம்மா உட்கார்ந்திருந்தாங்க" என்றான் தம்பி. "கையில பிஸ்கட்தான் இருந்தது."

"என்கிட்ட புதன்கிழமை சொன்னார்" என்றார் அண்ணன், பணி மூப்புப் பட்டியலைப் படிப்பவர் மாதிரி.

"எனக்கு சனிக்கிழமை. உனக்கு எப்பக்கா?"

அவளுக்கு அதற்கு முந்தின செவ்வாய். முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். அவளை நம்பியிருந்தால் புதன்கிழமை ஏன் அண்ணனைக் கூப்பிட வேண்டும்? வாயைத் திறந்தவள், "ஞாபகம் இல்ல" என்றாள்.

மூன்று பேரின் பதக்கமும் ஒரே பட்டறையில் அடித்தது என்று தெரிந்துவிட்டது.

அண்ணன்தான் முதலில் தேறினார். "சரி, இதுக்கு ஒரு முறை வகுத்துக்கலாம். முதல் வாரம் நான். ஒரு பேப்பர் கொடும்மா."

"பேப்பர் ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா. "நீங்க மூணு பேரு. மிச்ச ஒரு துண்டு யார் போட்டதுன்னு யாரும் கேக்கலியே?"

மூவரும் திரும்பினார்கள்.

"காலையில வண்டி வர்றதுக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன். அவர் ஆஸ்பத்திரியில கிடந்தாரே மூணு வாரம், அப்ப அது என்ன காத்தையா குடிச்சுக்கிட்டு இருந்துச்சு? செவ்வாயும் வெள்ளியும் யார் ஊட்டினான்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?"

தோன்றவில்லை. அவளுக்கும்தான். பத்து நாள் அவளிடம் பதக்கம் இருந்தது. அதற்குள் வந்துபோன செவ்வாயும் வெள்ளியும் அவள் நினைவுக்கே வரவில்லை.

"உன்கிட்ட அப்பா எப்பம்மா சொன்னார்?" என்றான் தம்பி.

"என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" அம்மா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "போங்க, அந்தக் கண்றாவியை எடுத்துப் போடுங்க. தண்ணி நாறிரும். செத்துக்கித்து வைக்கப்போவுது."

அவள் போனாள். கட்டிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்கும்போதுதான் கவனித்தாள்: ஒரு நுனியில் திண்டு இல்லை. அறுந்த நைலான் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முழு இறாலைத் திணித்த வேகத்தில் மேனேஜர் அதையும் சேர்த்து விழுங்கியிருக்க வேண்டும்.

"கடையில வேற இருக்குமில்ல?" வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா. திங்கள்கிழமைதான் கடை."

"செவ்வாய்க்குள்ள கட்டிக் குடுத்துரு. வெறும் கம்பி பட்டா அதுக்கு ஆகாது. உங்கப்பா கத்துவாரு." சொல்லிவிட்டு அம்மா அங்கே நிற்கவில்லை.

அவள் தொட்டிக்கு எதிரே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து கைக்குட்டையை விரித்தாள். எப்போதும் சாவிக்கொத்தோடு தொங்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் அப்பாவின் கண்ணாடியில் இடது பக்கத் திண்டின் திருகைக் கழற்றினாள். எள்ளளவுத் திருகு, கீழே விழாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். திண்டு கையோடு வந்தது. நாள்பட்டு மஞ்சளித்திருந்தது. அதைத் துடைக்காமல் இடுக்கியின் நுனியில் வைத்து, மிச்சமிருந்த நூலால் மூன்று சுற்று சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினாள். வாயில் உப்புக் கரித்தது.

இடுக்கியை ஆணியில் மாட்டினாள். ஒரு பக்கம் திண்டு இல்லாத கண்ணாடி, தொட்டியின் மூடிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கீழே, சுருண்ட முஷ்டிக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு நுனி ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது.