சனிக்கிழமை மூட்டைகள்

வாய் முந்திக்கொண்டது. “அப்பா!” என்று கத்தி முடித்த பிறகுதான், அவர் கழுத்தில் தொங்கிய பாஸ் ஷாரோனின் கண்ணில் பட்டது. அதில் டென்னிஸ் என்று போட்டிருந்தது. டென்னிஸ் அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி. அப்பாவின் பெயர் சூசைராஜ்.

சாம்பார் வாளிக்கு மேலே கரண்டி அப்படியே நின்றது. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, தாடைக்கு இறங்கிவிட்ட மாஸ்க். அப்பா அவளைப் பார்த்தார். கூப்பிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. ஆனால் அவள் கூப்பிட்டாகிவிட்டது. தட்டோடு வரிசையில் நின்ற மொத்த பிளஸ் ஒன் வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிற அந்தக் கார் சீட்டுக் கம்பெனிக்குப் பள்ளிக்கூடத்தில் அவர்களை அழைத்து வந்திருந்தார்கள். எல்லாம் பார்த்து முடிந்து, கேன்டீனில் சாப்பாடு. இன்றைக்குச் சனிக்கிழமை. அப்பா இந்நேரம் ஒரகடத்தில், தன் ஆபீஸில், மூட்டை பிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஆபீஸ் போன வருஷம் வரை மெட்ராஸில் கடற்கரைப் பக்கம் இருந்தது. நகரத்தில் நெரிசல் குறையும், வெளியூர் ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று சொல்லி, ஒரகடம் தாண்டிப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஃபைல்கள் சாக்கு மூட்டைகளில் லாரியேறி வந்தன. அவர்களும் பெரம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு வல்லக்கோட்டைக்கு வந்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் இளைத்துப்போய் வந்தது. வீட்டு வாடகைப்படியில் பெரிய வெட்டு. நகரத்துக்கென்று தருகிற படி அடியோடு இல்லை.

“கவர்மென்ட் கணக்குல இது கிராமமாம், ரூத்து,” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். “வூட்டுக்காரர் கணக்குல மட்டும்தான் இன்னும் மெட்ராஸு.”

அது உண்மைதான். ஒரு ரூமில் எட்டு கம்பெனிப் பையன்கள் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தங்குகிற ஊரில், குடும்பத்துக்கு யார் வாடகையைக் குறைப்பார்கள்? பெரம்பூரில் இருந்தபோது வாங்கிய கடனுக்கான பிடித்தமும் ஒரு பைசா இளைக்கவில்லை. அம்மா பால் பாக்கெட்டை ஒன்றாக்கினாள். அப்பா சனிக்கிழமைகளில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். “மூட்டையெல்லாம் பிரிக்காம அப்டியே கீது. ஃபைல அடுக்கி வெச்சா தனியா எதனா தர்றேன்னு சொல்லிகீறாங்க,” என்றார்.

அம்மாவும் ஷாரோனும் அதை நம்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும், யாரிடமும் தராமல் சட்டையைத் தானே அலசிப் போடுவார். “ஒரே ஃபைல் தூசு” என்பார்.

“யாரும்மா அப்பா?”

கேன்டீன் சூப்பர்வைசர் கார்முகில் வந்து நின்றார். வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகாதவர். புதுக் கத்தி மாதிரி இருந்தார். “இன்னா டென்னிஸு, பேச்சிலர்னு எழுதிக் குடுத்துகீற, இம்மாம் பெரிய பொண்ணு கீது? யாரு பாஸ்ல யாருய்யா உள்ள வந்துகீறது?”

ஷாரோனுக்குத் தமிழ்வாணன் அங்கிள் ஞாபகம் வந்தார். அப்பாவின் ஆபீஸ்தான், சம்பளம் குறைந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக் கார் ஓட்டினார். யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறார். “கவர்மென்ட் சம்பளம் வாங்கறவன் வெளிய கூலி வாங்கக் கூடாது பாப்பா. மாட்னா வேல போச்சு,” என்று அப்பாதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் மூட்டை பிரிக்கப் போனார்.

“இல்ல சார்,” என்றாள் ஷாரோன். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “ஆள் மாறிப்போச்சு. தொப்பி போட்டிருந்தாரா, அப்பா மாதிரி தெரிஞ்சுது.”

“ஷாரோன், நல்லாப் பாத்து சொல்லு,” என்றார் ராஜாமணி டீச்சர்.

“மெட்ராஸ்காரிக்கு அப்பன் மூஞ்சியே மறந்துபோச்சு டீச்சர்!” பின்னாலிருந்து அன்பு கத்தினான். வகுப்பே சிரித்தது. கார்முகில் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையும் பாஸையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். ஷாரோனும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள்.

“எங்கப்பா கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்காரு சார். அவரு போயி இங்க சாம்பார் ஊத்துவாரா?”

அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது. கார்முகிலின் முகம் தளர்ந்தது. “சரி சரி, லைன் நிக்குது பாரு, ஊத்துய்யா,” என்று நகர்ந்தார். அன்புவின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. “எங்கம்மாவும் கேன்டீன்லதான் ஊத்துது,” என்றான். “ஊத்துனா இன்னாவாம்?”

அவள் தட்டை நீட்டினாள். அப்பா மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, சோற்றின் நடுவில் பார்த்து ஊற்றினார்; அவளுக்குப் பிடிக்காத கத்திரிக்காயை ஒதுக்கிவிட்டு ஊற்றினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களாம்மா?” என்றார்.

யாரோ ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேட்பது மாதிரி இருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அப்பா வந்தார். எப்போதும் போல நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். ஷாரோன் பின்னாலேயே போனாள். பக்கெட்டில் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. பெருங்காய வாசனை. இத்தனை சனிக்கிழமைகள் இதே வாசனை அவள் மூக்கைத் தாண்டித்தான் போயிருக்கும்.

“அந்த சூப்பர்வைசர் திரும்ப எதனா கேட்டாராப்பா?”

“இல்ல. நம்பிட்டான்.” அப்பா சட்டைக் காலரைத் தேய்த்தார். “நீ சொன்ன விதத்துல எவனா இருந்தாலும் நம்பிடுவான்.”

“இனிமே போவாதீங்கப்பா. மாட்டிக்குவீங்க.”

“மூட்ட இன்னும் நெறைய கீது பாப்பா.”

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அப்பா சட்டையைப் பிழிந்து உதறினார். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது, துடைக்கத் தோன்றவில்லை. கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டே நின்றார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“சாம்பார் ஊத்துவாரான்னு சிரிச்சியே, அது பயத்துல வந்ததுதானேம்மா?”