நூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி

1.

இந்தக் கதையை எழுதுவதற்காக நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். என்ன காரியம் என்று இப்போதே சொன்னால் நீங்கள் மேற்கொண்டு படிக்காமல் எழுந்து போய்விடக்கூடும். அதனால் மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேராக அங்கே போகலாம். நானும் பொறுமை இல்லாதவள்தான். இந்தப் பத்தியை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் பீரோ பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆரம்பத்தில் இது ஒரு வேடிக்கைக் கதை. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “சிரிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க மேடம், எல்லாரும் அழ வெச்சே அனுப்புறாங்க” என்றார். சிரிக்கிற மாதிரி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் கணவர். மடக்குக் கத்தி சேர்ப்பவர். அவரிடம் நாற்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. எங்கள் சமையலறையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருப்படியாக நறுக்க ஒரு கத்தி கிடையாது.

தொடக்கம் அ: “விலை ஏறிய அன்று கத்தி சேர்ப்பவர்கள் யாரும் சாப்பிடவில்லை.” (பொய். என் கணவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.)

தொடக்கம் ஆ: “அந்தக் கத்தியைத் திறக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்

(இந்த வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. எல்லா வினையும் இதனால்தான்.)

2.

கத்திக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆறு பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு பட்டறை, எங்கோ தூரத்தில் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் அந்தப் பட்டறையின் பக்தர்கள். வருடத்துக்கு ஒரு முறை விலை ஏறிக்கொண்டிருந்தது, பிறகு இரண்டு முறை ஏறியது. போன வருடக் கடைசியில் ஒரு லிமிடெட் எடிஷன் அறிவித்தார்கள். கருங்காலிப் பிடி, மொத்தம் நூற்றைம்பது கத்தி, குலுக்கலில் பெயர் வந்தால்தான் வாங்கலாம்.

இவர்களுடைய செல்போன் குழுவில் அன்று நடந்ததை நான் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், “இத்தோட இந்தப் பழக்கத்துக்கு ஒரு கும்பிடு” என்று எழுதினார். அரைமணி நேரம் கழித்து அவரே, “குலுக்கலுக்கு எப்போ கடைசி நாள்?” என்று கேட்டார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே வெளியேறி, இரண்டு நாளில் மனைவியின் எண்ணில் திரும்பி வந்தார். என் கணவர் “பகல் கொள்ளை” என்றார். தன் பெயரிலும், என் பெயரிலும், ஆறு வயது மகள் பெயரிலும் சேர்த்து மூன்று விண்ணப்பம் போட்டார். அவர் கட்டாயப்படுத்தியதால் அவருடைய நண்பரும் ஒன்று போட்டார்.

அந்த நண்பர் லிஃப்ட் மெக்கானிக். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். அந்தக் குழுவிலேயே கத்தியைக் கத்தியாகப் பயன்படுத்தும் ஒரே ஆள். வயர் உரிப்பார், அட்டைப்பெட்டி கிழிப்பார், எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆப்பிள் நறுக்கித் தருவார்.

இருவருக்கும் குலுக்கலில் விழுந்தது. அண்ணா பகலெல்லாம் ஏதாவது கட்டடத்துக்குள் இருப்பதால் இரண்டு பார்சலும் எங்கள் முகவரிக்கே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கத்திகளையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. மகளுக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது. “இது சாப்பிடற மேஜை, காலி பண்ணுங்க” என்று நான்தான் விரட்டினேன்.

ஏன் திறக்கவில்லை என்றால், பிடியும் பிளேடும் சேரும் இடத்தில் பட்டறைக்காரர்கள் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு மெழுகு வைத்து அனுப்புகிறார்கள். முதல்முறை திறக்கும்போது அது உடைந்து உதிரும். உதிர்ந்துவிட்டால் விலை பாதி. கத்தியின் எண் பெட்டியிலும் இருக்கும், பிளேடின் அடியிலும் இருக்கும். பிளேடில் இருப்பதைத் திறந்தால்தான் பார்க்க முடியும்.*

* போலிப் பெட்டி தயாராகிவிடும் என்ற பயத்தில் தன் எண்ணை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நண்பனிடம்கூட. நகைச்சுவை என்று நினைத்துத்தான் இதைக் குறித்து வைத்திருந்தேன்.

நாலே மாதத்தில் அந்தக் கத்தியின் விலை நாலு மடங்கானது. அண்ணா வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். “பாக்கெட்ல வெச்சா பயமா இருக்கு, வீட்ல வெச்சா தூக்கம் வரல தங்கச்சி. லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டா பின்னாடியே நானும் குதிச்சிருவேன்” என்றார். என் கணவர் விற்கவில்லை. திறக்கவும் இல்லை. பீரோவில் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

3.

சொன்ன பகுதி வந்துவிட்டது.

அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. அவரிடம் கேட்டேன். “மத்ததெல்லாம் டக்குனு இருக்கும். இதுக்கு ஸ்பிரிங் வேற. தெறக்காம எப்படித் தெரியும்?” என்றார். தெரியாத சத்தத்தை எப்படி எழுதுவது? ஒரு சத்தத்துக்காகவா இப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், ஒரு சத்தத்துக்காகத்தான். எழுதுகிறவர்களுக்கு வரும் கிறுக்கு கத்தி சேர்ப்பவர்களின் கிறுக்குக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, அவர் கடையில், மகள் பள்ளிக்கூடத்தில். பீரோவைத் திறந்து, பெட்டியை எடுத்து, கத்தியைத் திறந்தேன்.

(சத்தத்தை இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது.)

மெழுகு இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. பிளேடின் அடியில் 67 என்று பொறித்திருந்தது. பெட்டியில் 112. ஏதோ மாடல் எண் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த கவலை மெழுகைப் பற்றி மட்டும்தான். மகளின் மெழுகு பென்சில் டப்பாவில் மூன்று பழுப்பு இருந்தது. சரியான பழுப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஸ்பூனில் உருக்கி, மடக்கிய கத்தியின் மேல் ஒரு சொட்டு வைத்தேன். ஸ்பூனைத் தூக்கிப் போட்டேன்.

பூதக்கண்ணாடியோடு பிழைப்பு நடத்தும் மனிதர் இதுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் அந்தக் கத்தியை வெளியே எடுப்பதே இல்லை. பெட்டி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

4.

போன ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு வீடியோ வந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் மெழுகை உடைப்பதைப் படம் பிடித்துப் போடுவது வழக்கம். உடைக்கும் அந்த உரிமைக்குத்தான் அவ்வளவு விலை. அண்ணாவிடம் வாங்கியவர் பெட்டியைக் காட்டினார். 67. மெழுகை உடைத்தார். பிளேடில் 112.

“பொருளை மாத்தி ஏமாத்திட்டார்” என்று அவர் எழுதினார். அதன்பிறகு குழு தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஆயிற்று. பொருளை மாற்றியவரின் பெயரைக் குழுவின் முகப்பில் ஒரு பட்டியலில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். அண்ணா பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். வாங்கியவருக்குப் பணம் வேண்டாம், அறுபத்தேழு வேண்டும். வரும் ஞாயிறு பத்து மணிக்கு முடிவு என்று அறிவித்தார்கள்.

என் கணவர் அந்த வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான் விரட்டிய வேகத்தில் மேஜைமேல் என்ன நடந்திருக்கிறது என்று. அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

5.

(இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் என் கணவரை மனைவியை இழந்தவராக ஆக்கினேன், நான் அங்கே இல்லாமல் போவதற்காக. இன்னொன்றில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். நடந்தது கீழே இருக்கிறது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் டீ டம்ளரோடு.)

செவ்வாய்க்கிழமை மாலை அண்ணா வேலை உடுப்போடு நேராக வந்தார். முழங்கையில் கிரீஸ் கறை.

“டேய், அன்னிக்கு ரெண்டையும் ஒண்ணா வெளிய எடுத்தோமே. மாத்தி வெச்சிருப்போமோ?”

“அதெப்படி மாறும்? ஆளுக்கொரு பக்கமா உக்காந்திருந்தோம்.”

“அதான் நானும் யோசிச்சேன். இருந்தாலும்... உன் பெட்டில என்ன நம்பர்டா?”

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பத்தொம்போது.”

“எடுத்துப் பாத்துரலாமா ஒரு வாட்டி?”

“பேங்க் லாக்கர்ல இருக்கு.”

பீரோ அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் இருந்தது.

அண்ணா தலையை ஆட்டினார். “சரி விடு. அப்ப பட்டறையிலேயே மாத்திப் போட்டிருப்பாங்க. என் பேரை லிஸ்ட்ல போட்டா போட்டுட்டுப் போறாங்க. நீ மனசுல வெச்சுக்காத, சும்மாதான் கேட்டேன்.” என்னைப் பார்த்தார். “என்ன தங்கச்சி, டீய நீயே குடிச்சிருவ போலிருக்கு?”

கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு என் கணவர்மேல் கோபம் வந்தது. அண்ணா உடனே நம்பிவிட்டாரே என்று அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. என்மேல் வந்ததை எழுத வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் ஏன் பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அண்ணாவிடம் வாங்கியவருக்குப் பீரோவில் இருப்பதை அனுப்ப வேண்டும், அங்கிருந்து 112 இங்கே வரும். அது மெழுகு உடைத்த கத்தி. திறக்காத கத்தியைக் கொடுத்துத் திறந்த கத்தியை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. இருபது வருட சிநேகிதத்தைவிட ஒரு சொட்டு மெழுகு அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. அந்தச் சொட்டோ எங்கள் மகளின் மெழுகு பென்சில்.

6.

ஆசிரியர் நேற்றுக் கூப்பிட்டார். “நீங்க போன்ல சொன்ன வரைக்கும் சிரிப்பு நல்லா போயிட்டிருந்துச்சு மேடம், நடுவுல என்ன ஆச்சு? முடிவு எங்க?”

முடிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

முடிவு ஒன்று: கணவருக்கு மனசாட்சி உறுத்தி, அவரே போய்ச் சொல்கிறார். (புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காத்திருந்தேன். கடைக்குப் போனார், வந்தார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.)

முடிவு இரண்டு: அண்ணாவின் பெயர் பட்டியலில் ஏறுகிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். ஏன் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்காமலே வயதாகி (இதை முடிக்க என் கை ஓடவில்லை.)

முடிவு மூன்று: மனைவி யாருக்கும் தெரியாமல் கத்தியை வாங்கியவருக்கே அனுப்பிவிடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் பீரோவைத் திறக்க வேண்டும். ஒரு முறை திறந்து பட்டதே போதும்.

இந்தக் கதாபாத்திரத்தை, மனைவியைத்தான் சொல்கிறேன், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணவனின் பொய்யைப் பெரிய எழுத்தில் எழுதுகிறாள், தன்னுடையதைப் பென்சில் டப்பா, ஸ்பூன் என்று வேடிக்கை காட்டித் தாண்டிவிடுகிறாள். வீடியோ வந்த நாளிலிருந்து அவளும்தான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவருக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. காக்கத்தான் எதுவும் இல்லையே.

7.

பத்திரிகைக்கு இதை அனுப்பப் போவதில்லை. ஆசிரியரிடம் வேறு ஏதாவது கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்தக் கதைக்கு ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு வாசகர்.

வாசகரே, இன்று ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தத் தாள்களை உங்கள் செய்தித்தாளுக்குள் செருகி வைத்தது நான்தான். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிக்கிறவர் நீங்கள். பிழை திருத்தித் தருவீர்கள், “இங்க கொஞ்சம் இழுக்குது” என்பீர்கள். இன்று எதுவும் திருத்த வேண்டாம்.

மூன்றாம் பகுதியில் இருப்பது அத்தனையும் உண்மை. போய்ப் பாருங்கள், சந்தேகமிருந்தால் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பாருங்கள். உங்களிடம் கேட்காமல் உங்களுக்குப் பிரியமானதைக் கெடுத்துவிட்டேன். அதற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், பதில் பேசமாட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே இரண்டு முறை கிழித்துப் போடப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பட்டியலில் அண்ணாவின் பெயர் ஏறாது. அதற்கு நான் பொறுப்பு. கதைக்குக் குறிப்பாக இருக்கட்டும் என்று அந்த வியாழக்கிழமையே பெட்டியையும் பிளேடையும் படம் எடுத்து வைத்திருந்தேன். பத்து மணிக்குள் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். அந்த இடத்தில் உங்களுக்கு எந்தத் தேர்வும் தருவதாக இல்லை.

உங்களுக்கு விட்டிருப்பது ஒன்றுதான். அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்று இந்தக் கதையில் இன்னும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். அவர் வீடு நடந்துபோனால் கால்மணி நேரம். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போய்ச் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை சொன்னது பொய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருக்கும். அவர் உங்களை உடனே மன்னித்துவிடுவார், அது இன்னும் கஷ்டமாக இருக்கும். இல்லையென்றால் நான் சொல்வேன். அப்போது அவருக்கு, நீங்கள் சொல்லவில்லை என்பதும் சேர்ந்தே தெரியும்.

நான் சமையலறையில் இருக்கிறேன். ஒன்பதரை வரை வெளியே வரமாட்டேன்.