குழி மேல் வேட்டு

வால்புர்கா கணவனின் உதட்டை விரலால் விலக்கி, உறைந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. முதல் உலகப்போரில் வெர்டன் போர்க்களத்திலிருந்து முழு வாயோடு திரும்பிய கிலியான், சொந்த ஊர் பீர்க்கடையில் பல்லைப் பறிகொடுத்திருந்தான்.

'இனிப் போர் வேண்டாம்' சங்கத்துக்காக அங்கே பேசப் போனவன். விளக்கை அணைத்துவிட்டு அடித்தார்களாம். நாற்காலிக் காலால் மண்டையில், பூட்ஸால் விலாவில். யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை; ஒரே இருட்டாம். விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்த உயிர் அடங்கிவிட்டது.

"என் குழி மேல துப்பாக்கி வெடிக்க விட்டுடாத" என்றுதான் கடைசியாகக் கேட்டான். அவள் தலையசைத்தாள்.

மத்தியானம் அவள் தம்பி ஓட்மார் வந்தான். முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். போருக்குப் போனவன் செத்தால், மண் தள்ளுமுன் குழி மேல் மூன்று வேட்டு போடுவது ஊர் வழக்கம். அவருக்கு அது வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"மாமா ஆயிரம் பேசியிருப்பாரு. அதுக்காக அநாதைப் பொணமாட்டம் பொதைக்கிறதா? ஊரே காறித் துப்பும்க்கா."

காபியை இடது கையால் குடித்தான். வலது கையுறையைக் கழற்றவில்லை.

அடக்கத்தன்று துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் அன்று பீர்க்கடையில் இருந்தவர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம். ஓட்மார் வலது கையை உயர்த்தி இறக்கினால் சுடுவார்கள். அதற்கு முன் துக்கம் கேட்க அக்காவிடம் அந்தக் கையை நீட்டினான்.

பிடித்தாள். கையுறைக்குள் கை வீங்கிக் கொதித்தது. விரல் முட்டியை அழுத்தினாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"அவரு பல்லு பட்டதாடா?" என்றாள் மெதுவாக.

"விடுக்கா."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவனைக் கொன்றுபோட வேண்டும் என்றிருந்தது. நூல் கையுறை மேலாகவே கட்டை விரலைக் காயத்துக்குள் இறக்கித் திருகினாள்; துணி நனைந்து கசிந்தது. கத்தினால் ஊருக்குத் தெரிந்துவிடும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டான். கூடவே அவளும் குனிந்தாள். உடன்பிறப்புகளின் துக்கத்தைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

குழிவெட்டிகளைப் பார்த்து அவள் தலையசைத்தாள். அவர்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். துப்பாக்கிக்காரர்கள் கைச் சைகைக்காகக் காத்தே நின்றார்கள்.

மண் மேடான பிறகுதான் விட்டாள்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள். கிண்ணத்துத் தண்ணீர் சீழும் ரத்தமுமாகக் கலங்கியது. கொடியில் கிலியானைத் துடைத்த துணி காய்ந்திருந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.