அறுபத்தாறு அடிச் சங்கிலி

என் உத்தியோகத்தின் பெயர் உடற்கல்வி ஆசிரியர். வேலை என்னவோ சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுவதுதான். மாவட்டத் தடகளத் தேர்வு எங்கள் பள்ளி மைதானத்தில் நடப்பதால், ஏழு வருஷமாக ஓடுபாதையை அளந்து போடுவது என் தலையில். ஐம்பது மீட்டர் நாடா ஒன்று வேண்டும் என்று தடகளச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டுக் கேட்டுக் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில், ஐந்து வருஷத்துக்கு முன்பு, தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருக்கும் மச்சினன் வேதநாயகத்திடம் நிலம் அளக்கிற சங்கிலி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். சர்வே சங்கிலி இருபது மீட்டர். இருபது தடவை போட்டால் நானூறு மீட்டர், ஒரு சுற்று. இதில் மூளைக்கு என்ன வேலை?

இந்த 1996 தேர்வில், முக்கூடல் பெருமாள்ராஜ் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடினான். நாலு நிமிஷம் ஐந்து வினாடிக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவனுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. ஒரே ஒரு வினாடி பிந்திவிட்டான். நேரத்தைப் படித்துச் சொன்னவனும் நான்தான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

சங்கிலியின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானம் அதைச் சரிசெய்ய வேதநாயகத்திடம் கொண்டுபோனேன்.

"அத்தான், இதை வச்சா கிரவுண்டுல கோடு போட்டிய?" என்று சிரித்தான். "இது பழைய சங்கிலில்லா. அறுபத்தாறு அடி. ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. தோட்டம் அளக்கக் கேக்கியன்னு நெனச்சுல்லா தந்தேன்."

அறுபத்தாறு அடி என்றால் இருபது மீட்டரைவிட நாலரை அங்குலம் கூடுதல். ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டருக்கு மேல். பெருமாள்ராஜ் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் சும்மா ஓடியிருக்கிறான்.

தடகளச் சங்கச் செயலாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். என்னைத் திட்டக்கூட அவருக்கு அலுப்பு. "நாளைக் காலைல ஏழு மணிக்கு அவனை மறுபடி ஓட வையும். பத்து மணிக்குப் பட்டியல் போயிரும்" என்றவர், பீரோவைத் திறந்து புது நாடா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரிக்காத உறையோடு அது அங்கேதான் இருந்திருக்கிறது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நான் முக்கூடல் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெருமாள்ராஜ் வீட்டுச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் தங்கை பிரேமலதா இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் பள்ளியில் படித்தவள்தான். எண்ணூறு மீட்டர் ஓடினவள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் ஓடிட்டேன்லா சார்?" என்றான்.

"ஓடிட்டலே. ஆனா ஏட்டுல ஏறணும்னா இன்னொரு தடவை ஓடணும்."

"காலு ரெண்டும் கல்லாக் கிடக்கு சார்." தொடையைப் பிசைந்துகொண்டே எழுந்தான். "இருந்தாலும் வாரேன். நாளைக்கு லோடுக்கு வரலன்னு லாரிக்காரர்ட்ட சொல்லிட்டு வந்திருதேன்."

அவன் நொண்டி நொண்டித் தெருமுனை திரும்பும்வரை பிரேமலதா பார்த்துக்கொண்டிருந்தாள். பீடிக்குத் தலை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"தொண்ணூத்திரண்டுல நான் ஓடினது எந்தச் சங்கிலி சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இதேதாம்மா."

"எண்ணூறுக்கு எவ்வளவு கூட வரும்?"

"நாலரை மீட்டருக்கு மேல."

அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அன்றைக்கு அரை வினாடியில் அவளுக்குச் சான்றிதழ் போனது. அந்த வருஷமே படிப்பு நின்று, இந்தச் சுளகு மடிக்கு வந்தது.

"கடைசியில சோம்பிட்டேன்னு ஏசினிய சார்" என்றாள். "நானும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்."

எனக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது. அதற்கும் துணிச்சல் இல்லாமல் நின்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அண்ணன்ட்ட இதைச் சொல்லிராதிய சார். காலைல அவன் ஓடணும்."