உட்காராத நட்டு

கல்யாணக் கார்டு அடிக்கக் கொடுக்கத்தான் அன்றைக்கு நாங்கள் தீவுக்குப் போனோம். தயாளன் காரை ஓட்டினார். அவருடைய அக்கா தனுஜா முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். பரிசம் போட்ட பெண்ணை மாப்பிள்ளையோடு தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டதால் தனுஜா அக்கா கூட வந்தார். பாலத்தின் மேல் போகும்போது கடலைப் பார்த்தேன். கடல் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பரிசம் போட்டதிலிருந்தே எனக்கு அப்படித்தான். சுங்கை பாக்காப்பில் எங்கள் வீட்டு ஹாலில் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதமா என்று தயாளனின் பெரியப்பா கேட்டார். எனக்கு முன்னால் என் அத்தை பதில் சொல்லிவிட்டார்.

“அது வாயே தெறக்காது. தலை குனிஞ்சிருக்கு பாருங்க, அதான் சம்மதம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை குனிந்திருந்தது உண்மைதான். என் தலை எப்போதும் அப்படித்தான் இருக்கும். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் குரல் வராது. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. படிப்பில்லாத பெண்ணுக்கு நிரந்தர வேலையில் இருக்கிற மாப்பிள்ளை கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார்கள். இருக்கலாம். எனக்கு வேண்டுமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கார்டு அடித்து ஊருக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் சொல்வதற்கும் இடமில்லை. அது மட்டும் தெரியும். தெரிந்துகொண்டே பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அச்சுக்கடைக்குப் போவதற்கு முன்னால் தயாளன் டத்தோ கெராமாட் ரோட்டுப் பக்கம் காரைத் திருப்பினார். கல்யாணத்துக்குள் காடியைக் கொஞ்சம் அழகு பண்ண வேண்டுமாம்; எங்கள் பேச்சில் கார் என்றால் காடி. சக்கரத்தின் பழைய நட்டுகள் துருப்பிடித்துவிட்டன. மாலை போட்ட காடியை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், துருப்பிடித்த நட்டு தெரிந்தால் அசிங்கம் என்றார். பொண்ணுக்கு நகை வாங்குவதற்கு முன்னால் காடிக்கு நகை வாங்குகிறான் என்று தனுஜா அக்கா சிரித்தார்.

கடை சிறியது. சுவர் முழுவதும் ரிம் தொங்கியது. கடைக்காரரை இமான் பாய் என்று தயாளன் கூப்பிட்டார். கண்ணாடி மேசைக்குள் நட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. சிவப்பு, நீலம், பொன் நிறம், கறுப்பு. கல்யாணக் காடியில் கறுப்பு வைக்காதே என்று தனுஜா அக்கா அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்தார். தயாளனுக்குப் பிடித்தது வேறொன்று. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு நிறம் படருமே, ஊதாவும் பச்சையும் கலந்து, அந்த நிறம். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு பொறுமையாக ஒரு பொருளைப் பார்க்கிற மனிதர் கெட்டவராக இருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. வழியில் எனக்குச் சிவப்பாக, இனிப்பாக ஒரு சிராப் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். வேண்டுமா என்று கேட்டார், கேட்டுக்கொண்டே வாங்கிவிட்டார்.

“ஷர்மினி, எந்தக் கலர் நல்லாருக்கு, நீ சொல்லு,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். “இதான் லா. வேற பேச்சே இல்ல.”

இமான் பாய் பெட்டியைக் கட்டவில்லை. வெளியே போய்க் காரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். இது காரோடு கம்பெனியிலிருந்தே வந்த ரிம், இதற்கு இந்த நட்டு ஆகாது என்றார். பழைய மாதிரியே வேண்டுமானால் வெள்ளி நிறத்தில் சாதா நட்டு இருக்கிறது, கலரில் இல்லை என்றார்.

தயாளன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கலர் நட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், பழைய நட்டு ஒன்றைக் கழற்றிவிட்டு இதை விரலாலேயே சுழற்றி ஏற்றினார். சுகமாக ஏறியது.

“ஏறுது பாருங்க பாய். அப்ப பொருத்தம்தானே?”

“மரை ஒண்ணுதான் தம்பி, அதனால ஏறும். அடியில பாருங்க. உங்க ரிம் குழி உருண்டை, இந்த நட்டு அடி கூம்பு. ஏறும், உக்காராது. பத்துப் பொருத்தம் பாத்துதானே கல்யாணம் பண்றீங்க, நட்டுக்கு ரெண்டு பாக்க மாட்டீங்களா?”

தனுஜா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். தயாளனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

மேசைமேல் ஒரு பழைய ரிம் கிடந்தது, தயாளன் காரில் இருப்பது போலவே. இமான் பாய் அதை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். சாதா நட்டை அதன் துளையில் வைத்தார். பிறகு பக்கத்துத் துளையில் கலர் நட்டை வைத்தார். தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். முதலில் வைத்தது குழியில் அசையாமல் கிடந்தது, கிண்ணத்தில் முட்டை கிடப்பது போல. இரண்டாவது ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும் பட்டுக்கொண்டு நின்றது. விரல் பட்டதும் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும் சாய்ந்தது.

“இது ஆடுது,” என்றேன்.

தனுஜா அக்கா திரும்பிப் பார்த்தார். தயாளனுக்கு முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

“டைட் பண்ணா ஆடாது,” என்றார் தயாளன். கோபமாகச் சொல்லவில்லை. தட்டிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை சொன்னதும் அதே குரலில்தான்.

அவர் கலர் நட்டையே வாங்கினார். வாங்குகிறவர் இஷ்டம், விற்கிறேன், ஆனால் என் கையால் மாட்டித் தர மாட்டேன் என்றார் இமான் பாய். பரவாயில்லை என்று தயாளன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, காரில் இருந்த ஸ்பேனரை எடுத்து, கடை ஓரத்திலேயே உட்கார்ந்து மாட்டினார். வெயில் அவர் முதுகில் அடித்தது. ஒவ்வொன்றையும் காலால் மிதித்து இறுக்கினார். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

“ஏறு,” என்றார்.

தனுஜா அக்கா ஏறிவிட்டார். நான் கதவைத் திறந்தேன். கால் உள்ளே போகவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. பயம் என்றால் நெஞ்சு அடிக்கும். என் நெஞ்சு சும்மா இருந்தது. கால் மட்டும் நடைபாதையை விட்டு வரவில்லை.

“ஏன் நிக்கிற? ஆளுங்க பாக்குறாங்க.”

“அது ஆடுச்சு,” என்றேன்.

“இப்ப ஆடுதா? வந்து தொட்டுப் பாரு. ஆடுதா?”

ஆடவில்லைதான். நான் ஏறவில்லை. முன்னால் பயமாக இருந்தால் பின்னால் உட்கார் என்றார் தனுஜா அக்கா, நான் காலையிலிருந்து பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன் என்பதை மறந்துவிட்டு. தயாளன் கடையைப் பார்த்தார், எதிரே சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இவ்ளோ நாளா வாயே தெறக்கல. தெறந்ததும் என் மானத்த வாங்குறியா?”

கதவை மெதுவாகச் சாத்தினேன். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுகிறேன், அப்போது தெரியும் என்று சொல்லிவிட்டு அக்காவோடு கிளம்பினார். கார் விளக்குக் கம்பத்தைத் தாண்டித் திரும்பும் வரை பார்த்தேன்.

இங்கேயே நில் என்று அவர் சொல்லவில்லை, நிற்பேன் என்று நினைத்திருப்பார். இமான் பாயிடம் ஃபெரி ஏறுகிற ஜெட்டிக்குப் பஸ் எங்கே வரும் என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார், வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தயாளனின் கார் எதிர்ப்பக்கத்தில் திரும்பி வந்தது. சக்கரம் ஒன்றும் கழன்றுவிடவில்லை. நட்டுகள் வெயிலில் மின்னின. நேராக, நன்றாக ஓடியது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கையை ஆட்டியிருந்தால் பார்த்திருப்பார்கள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

தனியாக நான் எங்கேயும் போனதில்லை. ஜெட்டியில் முன்னால் போன ஒரு மலாய் அம்மாவின் பின்னாலேயே நடந்து, எங்கள் கரைக்குப் போகும் ஃபெரியில் ஏறினேன். உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. அப்பா.

தனுஜா அவருக்குப் போன் செய்துவிட்டாராம். எங்கே இருக்கிறாய், என்ன சண்டை, அவன் கையை ஓங்கினானா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை என்றேன். சண்டையே இல்லை என்றேன். நட்டைப் பற்றிச் சொன்னேன். குழி உருண்டை, நட்டு கூம்பு, ஏறும், உட்காராது. அப்பா முழுவதும் கேட்டார். அவருக்குப் புரியவில்லை.

“ஒரு நட்டுக்காம்மா?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். இல்லை என்று சொல்லவும் நினைத்தேன்.

“கார்டு அடிக்க வேணாம்பா,” என்றேன்.

போனை வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இன்னிக்கு மட்டுமா, எப்பவுமா?” என்று கேட்டார்.

யாராவது என்னிடம் இப்படிக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது எனக்கு நினைவில்லை. ஃபெரி நகர ஆரம்பித்திருந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் இது என்று தோன்றியது. சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. புதுச் செருப்பு கடித்த இடம் மட்டும் எரிந்தது.

“எப்பவும்,” என்றேன்.